அரை மணி நேரத்தில் போட்ட கோடு

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆடி மாதக் கூட்டத்தில் பேசியது. அன்று நேரம் போதாமல் விட்ட சிலவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், இடம் இல்லாமல் வாசலில் நின்று கேட்கும் கடைத்தெரு நண்பர்களுக்கும் என் வணக்கம்.

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா எனக்கு ஏழாம் வகுப்பில் புவியியல் நடத்தியவர். அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டு, "முதலில் ஆற்றைப் பாருடா, அப்புறம் எல்லைக்கோட்டைப் பார்க்கலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நான் முப்பத்து மூன்று வருஷம் நில அளவைத் துறையில் பிழைத்தேன். எண்பத்து நான்கு வயதில், இந்த நூலகத்தின் செங்குத்தான படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து தலைமை தாங்குகிறாரே, அதற்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்? ஐயா, என் வணக்கம். முன்னிலை வகிக்கும் முன்னாள் ஊராட்சித் தலைவர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நூலகத்தைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மாவுக்கும், சுண்டலும் தேநீரும் ஏற்பாடு செய்த வியாபாரிகள் சங்கத்தாருக்கும், ஒலிபெருக்கிக்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்ட தம்பிக்கும் நன்றி. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அம்மா வருவதாகச் சொல்லியிருந்தார், அவசர நோயாளி வந்துவிட்டதால் வர முடியவில்லை. அவருக்கும் நம் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்வோம். பொன்னாடை வேண்டாம், அந்தப் பணத்துக்கு நூலகத்துக்கு ஒரு பெரிய உலக வரைபடம் வாங்குங்கள் என்று கேட்டிருந்தேன். வாங்கி விட்டார்கள். அதோ, பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறது. அதைக் காட்டித்தான் பேசப் போகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'பிரியாத கொரியா: ஒரு கற்பனை வரலாறு'. நடந்த வரலாற்றைப் பேசவே நேரம் இல்லை, நடக்காததைப் பேசி என்ன ஆகப் போகிறது என்று சிலருக்குத் தோன்றலாம். நிலம் அளக்கிறவன் எந்த வயலிலும் இரண்டு வரப்பைப் பார்ப்பான். ஒன்று, இப்போது இருக்கிற வரப்பு. இன்னொன்று, புலப்படத்தின்படி, அதாவது அந்த நிலத்தை அளந்து போட்ட பழைய வரைபடத்தின்படி, இருந்திருக்க வேண்டிய வரப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கே எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். கொரியாவையும் அப்படிப் பார்க்கலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

ஐந்து 'ஒருவேளை'களை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒருவேளை சோவியத் படை கொரியா முழுவதையும் பிடித்திருந்தால்? ஒருவேளை அந்தக் கோடு ஜப்பானில் விழுந்திருந்தால்? ஒருவேளை ஆஸ்திரியா போன வழியில் கொரியாவும் போயிருந்தால்? ஒருவேளை 1950 போர் நடக்காமல் இருந்திருந்தால்? ஒருவேளை ஜெர்மனி சேர்ந்த 1990இல் கொரியாவும் சேர்ந்திருந்தால்? ஐந்தையும் பார்க்கலாம்.

நம் ஊரில் ஒரு பழமொழி இருக்கிறது, நான் எந்த மேடை ஏறினாலும் சொல்வது: ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொரியா பத்தாம் நூற்றாண்டில் கோரியோ அரசின் கீழ் ஒன்றானது. 1392இல் ஜோசோன் வம்சம் வந்தது, 1910இல் ஜப்பான் விழுங்கும் வரை அந்த அரசு இருந்தது. ஆயிரம் வருஷம் ஒரே நாடு, ஒரே மொழி. ஜப்பானிடம் முப்பத்தைந்து வருஷம் அடிமைப்பட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சொந்த மொழியைப் பேசவிடவில்லை, பேரையே ஜப்பானியப் பேராக மாற்ற வைத்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சாய்ந்தது. 6ஆம் தேதி ஹிரோஷிமா, 9ஆம் தேதி நாகசாகி. சோவியத் யூனியன் போர் அறிவித்து, கொரியாவுக்கு வடக்கே இருக்கும் மஞ்சூரியா வழியாகப் படபடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் படையோ ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவா வரைதான் வந்திருந்தது. கொரியாவில் ஜப்பான் படையிடம் யார் எங்கே ஆயுதத்தை வாங்கிக்கொள்வது என்ற கேள்வி வாஷிங்டனில் எழுந்தது. ஆகஸ்ட் 10 நள்ளிரவு. டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்று இரண்டு கர்னல்கள். அரை மணி நேரத்தில் ஒரு கோடு சொல்லுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. கையில் கிடைத்தது நேஷனல் ஜியாக்ரஃபிக் வரைபடம். தலைநகர் சியோல் நம் பக்கம் வர வேண்டும் என்று பார்த்தார்கள். 38ஆவது அட்சக்கோடு சியோலுக்கு மேலே ஓடியது. சரி, அதுவே இருக்கட்டும் என்றார்கள். சோவியத்தும் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டது. ரஸ்க் பின்னாளில் வெளியுறவு அமைச்சரானார். போன்ஸ்டீல் இருபது வருஷம் கழித்து, தான் போட்ட கோட்டுக்குத் தெற்கே நிற்கும் அமெரிக்கப் படைக்கே தளபதியாகப் போனார்.

அந்த அறையில் ஒரு கொரியன் இல்லை.

நான் அரை ஏக்கர் நிலத்தை உட்பிரிவு செய்யப் போனால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? பக்கத்து நிலத்துக்காரர் அத்தனை பேருக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் போக வேண்டும். காலையில் அளவுச் சங்கிலியை விரிக்கும்போது நாலு பக்கத்துக்காரரும் வந்து நிற்பார்கள். "சார், அந்தப் புளியமரம் எங்க பாட்டன் வெச்சது", "சார், வாய்க்கால் இப்படித்தான் போகும்" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வெயில் ஏறும், எரிச்சல் வரும், ஆனால் கேட்டே ஆக வேண்டும். கேட்டு, மகஜர் எழுதி, கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் கல் நடுவோம். அரை ஏக்கருக்கு இவ்வளவு. ஒரு நாட்டைப் பிளப்பதற்கு அரை மணி நேரமும் ஒரு சுவர்ப்படமும் போதுமாக இருந்தன.

அந்தக் கோடு எதையெல்லாம் வெட்டியது என்று அமெரிக்க ராணுவமே பிறகு கணக்கெடுத்து வைத்திருக்கிறது. 75க்கு மேல் ஓடைகள், 12 ஆறுகள், 15 மாகாணச் சாலைகள், 8 நெடுஞ்சாலைகள், வடக்கு தெற்காக ஓடிய 6 ரயில் பாதைகள், 104 கிராமச் சாலைகள், 181 வண்டிப் பாதைகள். இந்தக் கடைசிக் கணக்கில்தான் நான் நின்றுவிட்டேன். 181 வண்டிப் பாதைகள்! ரயில் பாதை வெட்டுப்பட்டால் பேப்பரில் வரும். வண்டிப் பாதை என்பது களத்துக்குப் போகிற பாதை, மாமியார் வீட்டுக்குப் போகிற பாதை, சுடுகாட்டுக்குப் போகிற பாதை. மேற்கே ஒங்ஜின் என்று ஒரு தீபகற்பம் இருக்கிறது, வரைபடத்தில் பாருங்கள், இந்த ஓரத்தில். கோடு அதன் குறுக்கே போனதால் அதன் தென்பகுதி தெற்குக்கு உரியது என்று ஆயிற்று, ஆனால் தெற்கிலிருந்து அங்கே தரைவழியே போக வழி கிடையாது, கடலில்தான் போக வேண்டும். எங்கள் பாஷையில் 'வழி இல்லாத நிலம்' என்போம். ஒரு சர்வேயர் அப்படி ஒரு உட்பிரிவு போட்டால் மேலதிகாரி கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அடுத்து மின்சாரம். பெரிய அணைகளும் உரத் தொழிற்சாலையும் வடக்கே, நெல் விளைகிற சமவெளி தெற்கே. ஒரே வீட்டில் அடுப்படி ஒரு பங்கு, நெல் குதிர் ஒரு பங்கு என்று பிரித்த மாதிரி. 1948 மே 14 அன்று வடக்கு கம்பியை அறுத்தது, தெற்கே விளக்கு அணைந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 15இல் தெற்கே ஒரு அரசு, செப்டம்பர் 9இல் வடக்கே ஒரு அரசு. 1950 ஜூன் 25இல் போர். மூன்று வருஷம், இருபது லட்சத்துக்கு மேல் சாவு. 1953 ஜூலை 27இல் போர்நிறுத்தம். அமைதி ஒப்பந்தம் இன்றுவரை இல்லை.

சரி, இப்போது 'ஒருவேளை'க்கு வருகிறேன்.

முதல் கேள்வி, கோடே போடாமல் சோவியத் படை தென்கோடித் துறைமுகமான பூசான் வரை வந்திருந்தால்? முழு நாடும் கம்யூனிஸ்ட் நாடாகியிருக்கும், அது நிச்சயம். அது எப்படிப்பட்ட கம்யூனிஸ்ட் நாடாக இருந்திருக்கும் என்பதில்தான் பேச நிறைய இருக்கிறது, வியட்நாம் 1976இல் ஒன்றான பிறகு போன வழியைப் பார்த்தால் கொஞ்சம் ஊகிக்கலாம். அதை இன்னொரு கூட்டத்தில் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது, கோடு ஜப்பானில் விழுந்திருந்தால்? இது வெறும் கற்பனை இல்லை, மயிரிழையில் தப்பிய சங்கதி. 1945 ஆகஸ்ட் 16 அன்று ஸ்டாலின் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு ஒரு செய்தி அனுப்பினார். ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், கிழக்கே குஷிரோவிலிருந்து மேற்கே ருமோய் வரை ஒரு கோடு போட்டு, அதற்கு வடக்கே உள்ளதை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். பாருங்கள், அதே வாரம், அதே ஸ்கேல். 18ஆம் தேதி ட்ரூமன் முடியாது என்றார். 22ஆம் தேதி ஸ்டாலின் அந்தப் படையெடுப்பை நிறுத்தி வைத்தார். நடுவில் ஆறு நாள். அந்த ஆறு நாளில் பதில் மாறியிருந்தால், வக்கனாய், அபஷிரி போன்ற ஊர்களெல்லாம் வட ஜப்பானாகி, சப்போரோவில் படிக்கிற பையன் ஊருக்குப் போக முள்வேலியைத் தாண்ட வேண்டியிருக்கும். போரைத் தொடங்கிய நாடு முழுசாக நின்றது, அதனிடம் அடிமைப்பட்ட நாடு இரண்டாக வெட்டப்பட்டது. இந்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஜப்பானை வெட்டியிருந்தால் கொரியா தப்பித்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டையும் வெட்டியிருப்பார்கள். எந்தக் குடும்பமும் இப்படிப் பிரிய வேண்டாம், ஜப்பான்காரன் குடும்பமும் வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ஆஸ்திரியா.

ஆஸ்திரியாவை நான்கு நாடுகள் பிடித்து வைத்திருந்தன. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத். நான்கு மண்டலம். தலைநகர் வியன்னாவையும் பங்கு போட்டார்கள், நடு நகரத்தில் நான்கு நாட்டுச் சிப்பாய்களும் ஒரே ஜீப்பில் ரோந்து போனார்கள். கொரியாவைவிடச் சிக்கலான கோடுகள். ஆனால் அங்கே ஒன்று நடந்தது. 1945 ஏப்ரல் 27 அன்றே, போர் முடியுமுன்பே, கார்ல் ரென்னர் என்ற வயதான சோஷலிஸ்ட் தலைவரின் கீழ் ஒரு தற்காலிக அரசு அமைந்துவிட்டது. சோவியத் ஆதரவில் வந்த அரசு என்று மேற்கு நாடுகளுக்கு முதலில் சந்தேகம். அப்புறம் மாகாணத் தலைவர்களெல்லாம் கூடிப் பேசி ஒப்புக்கொண்டதும் அவர்களும் ஏற்றார்கள். அந்த நவம்பரில் நான்கு மண்டலத்துக்கும் சேர்த்து ஒரே தேர்தல். கம்யூனிஸ்டுகளுக்கு 165 இடத்தில் 4தான் கிடைத்தது. ஆனாலும் அவர்களை உடனே வெளியே தள்ளவில்லை, அமைச்சரவையில் ஒரு இடம் கொடுத்தார்கள். பத்து வருஷம் பொறுத்தார்கள். 1955 மே 15இல் ஒப்பந்தம், அக்டோபரில் கடைசி அந்நியச் சிப்பாய் வெளியேறினான், 26ஆம் தேதி நடுநிலை நாடு என்று சட்டம் போட்டார்கள். கோடு அழிந்தது. இன்று வியன்னாவில் அந்தக் கோடு எங்கே இருந்தது என்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொரியாவில் அப்படி ஓர் அரசு அமைக்க ஆள் இல்லையா? இருந்தார்கள்! லியோ உன்ஹியோங் என்று ஒரு தலைவர். ஜப்பான் சரணடைந்த அன்றே நாட்டைப் பொறுப்பேற்கக் குழு அமைத்தார். ஊருக்கு ஊர் மக்கள் குழுக்கள் முளைத்தன, அவர்களே நெல்லைக் காத்தார்கள், அவர்களே காவல் பார்த்தார்கள். செப்டம்பர் 6 அன்று சியோலில் கூடி மக்கள் குடியரசு என்று அறிவித்தார்கள். இடதுசாரிகள் அதிகம்தான், ஆனாலும் வலதுசாரித் தலைவர்களின் பேரையும் பட்டியலில் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அமெரிக்கப் படை இன்ச்சோனில் இறங்கியது. அந்தக் குடியரசை ஏற்க மாட்டேன் என்றது. வடக்கே சோவியத் அந்தக் குழுக்களை ஏற்ற மாதிரி ஏற்று, தனக்கு வேண்டியவர்களைத் தலைமைக்குக் கொண்டுவந்தது. அங்கே மக்கள் மதித்த சோ மன்சிக் என்ற காந்தியவாதி தன் பேச்சைக் கேட்கவில்லை என்று காவலில் வைத்தது. லியோ 1947இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கிம் கூ என்ற இன்னொரு பெரியவர், தீவிர வலதுசாரி, தன் எழுபதாவது வயதை ஒட்டி, 1948 ஏப்ரலில் கோட்டைத் தாண்டி பியோங்யாங் போய், தனித்தனி அரசு வேண்டாம் என்று மன்றாடினார். அடுத்த வருஷம் அவரையும் சுட்டார்கள்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்கிறோம். அந்தப் பழமொழி ஊரைத் திட்டுகிறது, நீங்கள் ஏன் சண்டை போட்டீர்கள் என்று. கொரியாவைப் படித்த பிறகு எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. அங்கே ஊர் தானாக இரண்டுபடவில்லை. சச்சரவு இருந்தது, உண்மை. பண்ணையாருக்கும் குத்தகைதாரருக்கும் பகை இருந்தது, ஜப்பானுக்கு உழைத்தவனுக்கும் சிறைக்குப் போனவனுக்கும் பகை இருந்தது. எந்த ஊரில்தான் இல்லை? ஆனால் அந்தப் பகை எதுவும் 38ஆவது அட்சக்கோட்டின் மேல் ஓடவில்லை. ஒரே தெருவுக்குள் இருந்தது. தெருவுக்குள் இருக்கும் பகையை எதிர் எதிர் ராணுவமாக மாற்றியது அந்தக் கோடு.

ஆகவே என் கற்பனைக் கொரியா இது. 1945இன் அந்தத் தற்காலிக அரசை இரண்டு பக்கமும் ஏற்கின்றன. அடுத்த வருஷம் நாடு முழுக்க ஒரே தேர்தல். அமைச்சரவையில் தினமும் சண்டை, நிலச் சீர்திருத்தத்தில் ஒரு ஆட்சி கவிழ்கிறது, சில ஊர்களில் ரத்தமும் சிந்துகிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் சுபுங் அணை மின்சாரம் சியோல் மில்லுக்கு வருகிறது, தெற்கு நெல் வடக்குக்குப் போகிறது, பூசானில் ரயில் ஏறுகிறவன் சீனா, ரஷ்யா வழியாக ஐரோப்பா வரை போகிறான். 1955 வாக்கில் இரண்டு படைகளும் மூட்டை கட்டுகின்றன. இன்றைய தென்கொரியா அளவுக்குப் பணக்கார நாடாக ஆகியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். நடுத்தரமான, சத்தம் அதிகமான, நடுநிலை நாடாக இருந்திருக்கும். அந்த இருபது லட்சம் பேரில் பெரும்பாலானவர்கள் வீட்டில் கிழமாகிச் செத்திருப்பார்கள்.

நடுநிலை என்று சொன்னவுடன் ஒன்று ஞாபகம் வருகிறது, நம் சென்னைக்கும் சம்பந்தம் உள்ளது. போர் நின்ற பிறகு, ஊருக்குத் திரும்ப மாட்டோம் என்று சொன்ன போர்க் கைதிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்தியாவுக்கு வந்தது. ஜெனரல் திம்மய்யா தலைமை. இருபத்தீராயிரம் பேருக்கு மேல். தென்கொரிய அதிபர் இந்தியச் சிப்பாய் என் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றதால், கப்பலில் வந்தவர்களை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய் வடக்குக்கும் தெற்குக்கும் இடைப்பட்ட நடுப்பகுதியில் இறக்கினார்கள். அந்தக் கைதிகளில் 88 பேர், வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், ஃபார்மோசாவும் (இன்றைய தைவான்) வேண்டாம், நடுநிலை நாட்டுக்குப் போகிறோம் என்றார்கள். 76 கொரியர், 12 சீனர். 1954 பிப்ரவரியில் அவர்கள் கப்பலில் வந்து இறங்கியது நம் சென்னைத் துறைமுகத்தில். அங்கிருந்து டில்லி போய், பிறகு பலர் பிரேசில், அர்ஜென்டினா என்று பிரிந்தார்கள். என் கற்பனை நாட்டின் குடிமக்கள் அந்த 76 பேர்தான் என்று நினைத்துக்கொள்வேன். அவர்களுக்கு அந்த நாடு பூமியில் கிடைக்கவில்லை. போரின்போதே அங்கே போய் வைத்தியம் பார்த்த நம் ராணுவ மருத்துவப் பிரிவையும், அதன் தலைவர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜையும் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும்.

இப்போது மாட்டுக் கதை. பிள்ளைகள் இதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

ஹூண்டாய் கார் பார்த்திருப்பீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை, அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது 1998இல். அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் சுங் ஜூயோங். 1915இல் பிறந்தவர். பிறந்த ஊர் தோங்சோன் வட்டாரத்தில் ஒரு சின்னக் கிராமம், கோட்டுக்கு வடக்கே. ஏழை விவசாயியின் மூத்த மகன். விடியுமுன் எழுந்து அப்பாவோடு கழனிக்குப் போக வேண்டும், கல் பொறுக்க வேண்டும், எவ்வளவு பாடுபட்டாலும் அரை வயிறு. பையனுக்குப் பட்டணம் போக ஆசை. ஓடிப்போனான், அப்பா தேடிப் பிடித்து இழுத்து வந்தார். மறுபடி ஓடினான், மறுபடி இழுத்து வந்தார். ஒரு தடவை, அப்பா மாடு விற்று வைத்திருந்த 70 வோன் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். சியோலுக்குப் போய்க் கணக்குப் பள்ளியில் சேர்ந்தான். ஒரு விவசாயி வீட்டில் மாடு விற்ற பணம் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அது ஒரு தங்கச்சி கல்யாணம், ஒரு வருஷத்து விதை நெல். அந்த அப்பா அங்கேயும் போய் நின்றார். அடித்தாரா, அழுதாரா என்று நினைத்துப் பார்க்கிறேன். மகன் வீட்டுக்குத் திரும்பினான். அப்புறம் நாலாவது தடவையாகப் புறப்பட்டுப் போய் அரிசிக் கடையில் மூட்டை தூக்கினான், கடைக்கே சொந்தக்காரனானான், கார் பழுது பார்த்தான், கட்டடம் கட்டினான், கப்பல் கட்டினான்.

இதற்குள் கோடு விழுந்துவிட்டது. அப்பாவின் மாட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், தொழுவம் இன்னொரு நாட்டில் இருக்கிறது.

தெற்கே சோசான் என்ற இடத்தில் கடலைத் தூர்த்து ஒரு பெரிய பண்ணை போட்டார். அதில் மாடு வளர்த்தார். 1998 ஜூன் 16. அவருக்கு எண்பத்திரண்டு வயது. 500 மாடுகளை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு பன்முன்ஜோம் வந்தார். உலகத்திலேயே கெடுபிடி அதிகமான எல்லை, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கிலோமீட்டருக்கு ஆள் நடமாட்டம் கிடையாது, மண்ணுக்குள் கண்ணிவெடி. அந்த வழியாக லாரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது, ஒவ்வொன்றிலும் மாடுகள் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன, இரண்டு பக்கத்துச் சிப்பாயும் வழிவிட்டு நிற்கிறான். அந்தப் படத்தை நூலகர் அம்மா கணினியில் எடுத்துக் காட்டியபோது நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்டோபரில் இன்னும் 501 மாடுகள். மொத்தம் 1001. ஒன்று அப்பாவின் மாடு, ஆயிரம் அதற்கு வட்டி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கடனைத் தீர்க்கப் போகிறேன் என்றுதான் அவரும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா இருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் கோடீஸ்வரர், அவரால் முடிந்தது. மற்றவர்கள்? அங்கே வடக்குக்கும் தெற்குக்கும் தபால் கிடையாது. 2001 மார்ச்சில் ஒரே ஒரு தடவை, பக்கத்துக்கு 300 குடும்பம் என்று கடிதம் மாற்றிக்கொள்ள விட்டார்கள். 2000 ஆகஸ்ட் 15 அன்று, பக்கத்துக்கு 100 பேரைப் பொறுக்கி எடுத்து, ஐம்பது வருஷம் கழித்துச் சந்திக்க விட்டார்கள். அப்படி 2018 வரை சில தடவை. தெற்கில் மட்டும் பதிவு செய்துகொண்டவர்கள் 1,30,000 பேருக்கு மேல். பாதிக்கு மேற்பட்டவர்கள் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 15 என்று இத்தனை தடவை சொல்லிவிட்டேன். கொரியா விடுதலையானது 1945 ஆகஸ்ட் 15. நமக்கு 1947 ஆகஸ்ட் 15. வருகிற ஆகஸ்ட் 15 அன்று நம் ஊரில் கிராம சபை. நான் இங்கே வந்தது இதைச் சொல்லத்தான் என்று உங்களில் பல பேருக்கு ஏற்கெனவே தெரியும்.

புறவழிச்சாலை வந்து நாலு வருஷம் ஆகிறது. கொரியாவோடு இதை ஒப்பிடுவது தவறு, அங்கே லட்சக்கணக்கில் செத்தார்கள், எனக்குத் தெரியும். ஆனால் கோடு போட்ட விதம் ஒன்றுதான். எங்கோ ஓர் அறையில், திரையில் படத்தை வைத்துக்கொண்டு, ஏரிக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு கோடு. மேலத்தெரு, பள்ளிக்கூடம், நூலகம், ரேஷன் கடை இந்தப் பக்கம். கீழத்தெரு, கழனி, மேய்ச்சல், சுடுகாடு அந்தப் பக்கம். நடுவில் நாலு வழிச் சாலை, இடுப்பு உயரத்துக்குச் சென்டர் மீடியன். திரும்புகிற இடம் இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி. நான் சங்கிலி வைத்தே அளந்தேன்.

போன மாசி மாதம் என் அத்தை காலமானார். பாடையைத் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டோரம் நின்றோம். லாரி நிற்கவில்லை. தாரை அடிக்கிறவர் நிறுத்திவிட்டார், சங்கு ஊதுகிறவரும் நிறுத்திவிட்டார். நாலு பேர் தோளில் அத்தை. சட்டிக் கங்கில் சாம்பல் பூத்துவிட்டது, என் தம்பி குனிந்து ஊதிக்கொண்டே இருந்தான். இருபத்து மூன்று நிமிஷம். பிறகு இரண்டு பையன்கள் ரோட்டின் நடுவே போய்க் கையை விரித்து நின்று வண்டிகளை நிறுத்தினார்கள், பாடையை மீடியனுக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் கை மாற்றினோம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் நான், அன்றைக்குத்தான் என் ஊர் இரண்டுபட்டதைத் தோளில் உணர்ந்தேன். மாடுகளைக் கேட்கவே வேண்டாம். கீழத்தெருவில் மேய்ச்சல் இருந்தும் மேலத்தெருவில் எத்தனை பேர் மாட்டை விற்றுவிட்டீர்கள்? அந்தக் கண்ணிவெடி எல்லையை 1001 மாடுகள் தாண்டின, இங்கே ஒரு பசு தாண்ட முடியவில்லை.

இதையும் சொல்லியாக வேண்டும். சாலை வருமுன் கருத்துக் கேட்டார்களா என்றால், ஒரு கூட்டம் நடந்ததாகக் காகிதம் இருக்கிறது. நம்மில் யாரும் போகவில்லை. மேலத்தெருவும் கீழத்தெருவும் அந்த வருஷம் திருவிழாத் தகராறில் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். அதற்கு நானும் பொறுப்பு.

சாலையை எடுக்கச் சொல்லவில்லை. ஏரிக்கரைப் பக்கம், பழைய வண்டிப் பாதை இருந்த அதே இடத்தில், ஒரு சுரங்கப்பாதை கேட்டுக் கிராம சபையில் தீர்மானம். பன்னிரண்டு அடி அகலம், பத்தடி உயரம், மாட்டு வண்டியும் பாடையும் பள்ளிப் பிள்ளைகளும் போக. பழைய புலப்படத்தில் அந்தப் பாதை இருக்கிறது, நான் நகல் எடுத்துப் புல எண்ணோடு தீர்மானத்தில் இணைத்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு நான் தனியாளாக எழுதிய பதினொரு மனுவுக்கும் ஒப்புகை வந்தது, பதில் வரவில்லை. கிராம சபைத் தீர்மானம் தனியாள் மனு இல்லை.

நான்காவது, ஐந்தாவது கேள்விகளுக்கு நேரம் இல்லை என்று தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். ஜெர்மனி 1990 அக்டோபர் 3இல் சேர்ந்தது, ஏமனும் அதே வருஷம் மே மாதம் சேர்ந்தது, இரண்டும் போன வழி ரொம்பவே வேறு. நூலகத்தில் புத்தகம் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள்.

15ஆம் தேதி காலை பதினொரு மணி, ஆலமரத்தடி. மேலத்தெருவும் வர வேண்டும், கீழத்தெருவும் வர வேண்டும். கீழத்தெருக்காரர்களை இந்தப் பக்கம் அழைத்து வர இரண்டு டிராக்டர் ஏற்பாடு செய்திருக்கிறோம், பத்து மணிக்குக் கோயில் வாசலில் நிற்கும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் யாரும் திரும்ப வேண்டாம். தீர்மானத்தின் வாசகம் நூலகர் அம்மாவின் மேஜையில் இருக்கிறது, இன்றே படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். அதன் அடியில் முதல் கையெழுத்து தலைமையாசிரியர் ஐயா போட்டிருக்கிறார், பச்சை மையில். இரண்டாவது கையெழுத்து கீழத்தெருவிலிருந்து வர வேண்டும் என்று இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.